பேராசிரியருக்கு ஒரு விக்கிப்பீடியா பக்கம்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என் பிஎச்.டி. கைடு இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். 140 ஆய்வுக் கட்டுரைகள், 22 பிஎச்.டி. மாணவர்கள், தமிழ்நாடு விஞ்ஞானி விருது, டெல்லி அமைப்பு ஒன்றின் வாழ்நாள் சாதனையாளர் விருது, லண்டன் சங்கம் ஒன்றில் ஃபெலோ, ஸ்டான்ஃபோர்டின் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம் என்று அவருக்கு எல்லாம் இருக்கிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள் அவர் சொன்ன முறையில்தான் குளத்துத் தண்ணீரைப் பக்குவப்படுத்துகிறார்கள். மாணவர்கள் சேர்ந்து ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம் தொடங்கினோம். குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை என்று ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். எங்கள் துறை சாதாரணத் துறை இல்லை. இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேடம் எழுதிய நண்டுக் கையேட்டை இன்றும் வங்கதேசத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேட்டு எழுதுகிறார்கள். இப்போது ஒருவர் போன் செய்து, முப்பதாயிரம் கொடுத்தால் சாரின் பக்கத்தை நிற்க வைத்துத் தருகிறேன் என்கிறார். சாருக்குத் தகுதி இருக்கிறதா, இல்லையா? பணம் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களும் சரிபார்க்கிறவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பணம் பெற்று எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும் என்று 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் பயன்பாட்டு விதியே சொல்கிறது. போனில் வருகிறவர்கள் அந்த அறிவிப்பைச் செய்ய மாட்டார்கள். எந்தப் பக்கம் நீக்கப்பட்டது என்ற பதிவு எல்லோரும் பார்க்கும்படி இருப்பதால், அதைப் பார்த்தே ஆள் பிடிக்க முடிகிறது. பிடிபட்டால் பக்கம் போய்விடும். ஏன் போனது என்ற பதிவு மட்டும் சாரின் பெயரோடு நிற்கும். இவ்வளவு காலம் உழைத்த ஒரு மனிதரின் பெயருக்கு அதை நாம் சேர்த்துவைக்க வேண்டாம்.

இனி தகுதி. புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு சைட்டேஷன் அறிக்கை, அதாவது அவர்கள் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு, தயாரித்துத் தருவது என் வேலை. விக்கிப்பீடியாவில் அறிவியலாளர் பற்றிய வரைவுகளைப் பார்ப்பதும் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தால் சார் நல்ல ஆசிரியர், கடும் உழைப்பாளி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் கலைக்களஞ்சியம் கேட்கிற கேள்வி வேறு. இவரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் இவருடைய வேலையை எடுத்து என்ன செய்தார்கள்? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? சாரைப் பார்த்தே இராத ஒருவர், தூரத்து ஊர் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் யாருடைய உதவியும் இல்லாமல் அவரைப் பற்றி நம்பகமான ஒரு பக்கம் எழுத முடியுமா? முடியும் என்றால் பக்கம் நிற்கும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் பெரும்பகுதி சார் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது அதில் மிகவும் குறைவு.

ஒரு நடிகருக்கோ அரசியல்வாதிக்கோ பக்கம் எழுத, அவரைப் பற்றிப் பத்திரிகைகள் விரிவாக எழுதியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அறிவியலாளர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது அபூர்வம். அதனால்தான் ஆங்கில விக்கிப்பீடியாவில் கல்வியாளர்களுக்கென்று தனி வழிகாட்டல் இருக்கிறது. அதில் எட்டு அளவுகோல்கள். எட்டில் ஒன்றை உறுதியாகக் காட்டினால் போதும். துறையில் பெரிய தாக்கம், தேசிய அல்லது உலக அளவில் மிக மதிப்புள்ள விருது, கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் அறிவியல் கழகத்தில் உறுப்பினர், உயர்கல்வியில் பரவலான தாக்கம், பெயர் சூட்டப்பட்ட பேராசிரியர் இருக்கை, பெரிய நிறுவனத்தின் உச்சப் பதவி, கல்வி உலகத்துக்கு வெளியே கணிசமான தாக்கம், நிலைபெற்ற முக்கிய ஆய்விதழின் தலைமை ஆசிரியர் பொறுப்பு. இதை வைத்து சாரின் பட்டியலைப் பார்ப்போம்.

140 கட்டுரைகள், 22 மாணவர்கள் என்ற எண்ணிக்கை எட்டில் எதிலும் வராது. நிறைய எழுதியது மட்டும் போதாது என்று அந்த வழிகாட்டலே சொல்கிறது. தமிழ்நாடு விஞ்ஞானி விருது உண்மையான விருது, மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் கொடுப்பது. பக்கம் நின்றால் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் அது மாநில விருது. அளவுகோல் கேட்பது 1958 முதல் கொடுக்கப்பட்டுவந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு போன்ற ஒன்றை.

டெல்லி அமைப்பின் வாழ்நாள் விருதைப் பற்றி உங்களிடம் நேராகவே சொல்ல வேண்டும். அந்த விருதுக்கு விண்ணப்பக் கட்டணம் இருந்ததா? விழாவுக்குப் பதிவுக் கட்டணம் கேட்டார்களா? ஒரே மேடையில் நூறு பேருக்குக் கொடுத்தார்களா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் வரைவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட ஒரு விருதைப் பார்த்தவுடனேயே சரிபார்ப்பவருக்கு மற்ற தகவல்கள் மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது. லண்டன் ஃபெலோ பட்டத்துக்கும் இதே சோதனைதான். விண்ணப்பித்து, சந்தா கட்டி, பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்ளும் சங்கங்கள் பல உண்டு. அவை மோசமான சங்கங்கள் இல்லை. ஆனால் அந்த உறுப்பினர் பட்டம் இந்த அளவுகோலுக்குச் செல்லாது. லண்டன் ராயல் சொசைட்டி, 1934ல் சி.வி. ராமன் தொடங்கிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், 1935ல் பிறந்து இன்று டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் கழகம் மாதிரி, சக அறிவியலாளர்களே பெயரை முன்மொழிந்து வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் இடங்களைத்தான் அது குறிக்கிறது.

2 சதவீதப் பட்டியலுக்கு வருவோம். ஆண்டுதோறும் அது வெளியானதும் நம் மாவட்டப் பதிப்புகளில் புகைப்படத்தோடு செய்தி வருகிறது, கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் அயனிடிஸும் அவரது குழுவும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்துக் கணக்கிடுகிற பட்டியல் அது. எந்தக் குழுவும் உட்கார்ந்து யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, பல்கலைக்கழகம் கொடுக்கும் விருதும் இல்லை. அதில் இரண்டு பகுதிகள்: பணிக்காலம் முழுவதற்குமான கணக்கு ஒன்று, அந்த ஒரே ஆண்டுக்கான கணக்கு இன்னொன்று. செய்தியில் பெரும்பாலும் எது என்று போடுவதில்லை. சார் எதில் இருக்கிறார் என்று மூலப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பணிக்காலப் பட்டியலில், தன் துறைக்குள் நல்ல இடத்தில் இருந்தால் அது ஒரு துணைத் தகவல். அதை வைத்து மட்டும் பக்கம் நிற்காது.

பதவிகளில், துணைவேந்தராக இருந்திருந்தால் பேச்சே வேறு. துறைத்தலைவர், டீன், கல்லூரி முதல்வர் ஆகியவை போதாது. ஆய்விதழ் விஷயமும் அப்படித்தான். தலைமை ஆசிரியர் என்றால் கணக்கு, ஆசிரியர் குழுவில் பெயர் இருந்தாலோ கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுத்தாலோ கணக்கில்லை.

ஆக மிஞ்சுவது முதல் அளவுகோலும் ஏழாவதும்: துறையில் தாக்கம், கல்வி உலகத்துக்கு வெளியே தாக்கம். சாருக்கு வழி இருந்தால் இந்த இரண்டில்தான் இருக்கிறது. அதனால் இவற்றுக்குக் கொஞ்சம் நேரம் கொடுப்போம்.

துறையில் தாக்கம் என்றதும் எல்லோரும் எச்-இன்டெக்ஸை நீட்டுகிறார்கள். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005ல் சொன்ன கணக்கு அது: எச்-இன்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று அர்த்தம். இத்தனைக்கு மேல் இருந்தால் தகுதி என்று வழிகாட்டலில் எந்த எண்ணும் கிடையாது. இருக்கவும் முடியாது. கணிதத்தில் ஐம்பது மேற்கோள் வாங்கிய கட்டுரை பெரிய கட்டுரையாக இருக்கலாம். மருத்துவத்தில் ஐம்பது என்பது சாதாரணம். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015ல் வெளியான ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அந்தக் கட்டுரையின் மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். எண்ணை மட்டும் பார்த்தால் யார் என்ன செய்தார் என்றே தெரியாது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். கூகுள் ஸ்காலரில் சாரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள். மேலே உள்ள ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எதில் சார் முதல் ஆசிரியர், எதில் தொடர்புக்குரிய ஆசிரியர், எதில் இருபது பெயருக்கு நடுவில் ஒரு பெயர் என்று குறியுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவர்களைத் திறங்கள். சாரும் அவருடைய மாணவர்களும் உடன் எழுதியவர்களும் காட்டிய மேற்கோள்களை முதலில் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

அந்த மிச்சத்தில் ஒரு பத்துக் கட்டுரைகளையாவது உண்மையிலேயே திறந்து, சாரின் பெயர் வருகிற வாக்கியத்தைப் படியுங்கள். யாரும் செய்யாத வேலை இதுதான். முன்னுரையில் “இறால் நோய்கள் குறித்துப் பலர் ஆராய்ந்துள்ளனர்” என்று எழுதி அடைப்புக்குள் எட்டுப் பெயர்களைப் போட்டு, அதில் சார் ஆறாவதாக இருந்தால் அது வெறும் வணக்கம். ஆய்வு முறை பகுதியில் “இவர் வகுத்த முறைப்படி செய்தோம்” என்றால் அது பயன்பாடு. முடிவுகள் பகுதியில் “இவர் சொன்னதற்கு மாறாக எங்களுக்குக் கிடைத்தது” என்றால் அதுவும் நல்ல சான்றுதான். அவரோடு வாதிடாமல் அந்தத் துறையில் நகர முடியவில்லை என்று அர்த்தம். வேறு நாட்டுக்காரர் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரையில் சாரின் வேலைக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால், அந்த ஒரு பத்தி நூறு மேற்கோளுக்குச் சமம். பக்கத்தில் எழுதுவதற்கு வாக்கியம் கிடைப்பது அங்கேயிருந்துதான்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் செய்ததைப் பாருங்கள். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963ல் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதைக் காட்டியது. இன்று உலகில் எந்த உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அவர் பெயரிலேயே அந்தப் படம் இருக்கிறது. அவருக்குப் பட்நாகர் பரிசும் கிடைத்தது, 1977ல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். இவை எதுவும் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த ஒரு படமே கலைக்களஞ்சியத்தில் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்திருக்கும். எல்லோரும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சான்று என்றால் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் சொன்னேன்.

அடுத்தது இறால் பண்ணைகள். உங்கள் கடிதத்தில் சாரைப் பற்றிச் சொன்னவற்றில் மிக வலுவான வரி இதுதான். ஆனால் உங்கள் வரைவில் இது கடைசி வரியாக, ஆதாரம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கரையோரப் பண்ணைகளைச் சூறையாடியதும், 1996ல் கடலோர இறால் பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்திலிருந்து இந்தத் தொழிலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் வெளியீடுகள், சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கையேடுகள், மீன்வளத்துறை அறிக்கைகள், நாளிதழ்களின் விவசாயப் பக்கங்கள் எல்லாவற்றிலும் தேடுங்கள். சாரின் முறையை அவர் பெயரோடு இவற்றில் எங்காவது பரிந்துரைத்திருக்கிறார்களா? தமிழ்ப் பத்திரிகைத் துணுக்கும் செல்லும். ஆதாரம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இணையத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் தெளிவாக இருந்தால் போதும். கல்லூரியே எழுதிக் கொடுத்த செய்திக்குறிப்பை அப்படியே போட்டிருந்தால் மட்டும் அது சாரின் தரப்புச் சான்று, மூன்றாமவர் சான்று ஆகாது.

எழுத்தில் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? பண்ணைக்காரர்களின் மரியாதை பொய் ஆகிவிடாது. ஆனால் பக்கமும் எழுத முடியாது. உங்கள் ஊர்க் கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வான கோ.சி. 671 என்ற ரகம் தமிழ்நாட்டைத் தாண்டி மகாராஷ்டிரம், குஜராத் வரை போனது. சர்க்கரைச் சத்து அதிகம் என்று ஆலைகள் விரும்பி வாங்கின. பிறகு செவ்வழுகல் நோயில் அடிபட்டது. அந்த ரகத்தைப் பற்றி ஒரு நல்ல பக்கம் எழுதத் தேவையான அளவுக்கு எழுத்து இருக்கிறது. அதை வயலில் நின்று தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று வெளியே கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இது வருத்தமான விஷயம். வேளாண்மை, மீன்வளம், பொதுச் சுகாதாரம் மூன்றிலும் ஊரையே மாற்றியவர்களின் பெயர் இப்படித்தான் நிலையத்தின் பெயருக்குள்ளேயும் ரகத்தின் எண்ணுக்குள்ளேயும் மறைந்துவிடுகிறது. இதைக் கலைக்களஞ்சியத்தால் சரிசெய்ய முடியாது; அது மற்றவர்கள் எழுதியதை மட்டுமே எழுதும். சரிசெய்ய வேண்டியவர்கள் உங்களைப் போன்றவர்கள். பண்ணைக்காரர்களைப் பேட்டி எடுத்து, எந்த ஆண்டு, எத்தனை ஏக்கர், என்ன பலன் என்று எழுதி, ஒரு நல்ல ஆய்விதழிலோ பத்திரிகையிலோ கொண்டுவாருங்கள். நீங்கள் அவருடைய மாணவர் என்பதால் உங்கள் கட்டுரையை மட்டும் வைத்துப் பக்கம் நிற்காது. ஆனால் நாளை வேறொருவர் சுதந்திரமாக எழுத அது வழி திறந்துவிடும்.

சாரைப் பற்றி என் முடிவு இது: இப்போது கையில் இருப்பதை வைத்துப் பக்கம் நிற்காது. பண்ணை வேலைக்கு மூன்றாமவர் எழுத்து இரண்டு மூன்று இடத்தில் விரிவாகக் கிடைத்தால், நிற்கும் வாய்ப்பு உண்டு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் துறையின் பெருமைக்காகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நண்டுக் கையேடு எழுதிய மேடம். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். தொடர்பே இல்லாதவர்கள், வேறு நாட்டிலிருந்து, அவர் ஓய்வு பெற்ற பிறகும், அவருடைய வேலையைத் தேடி எழுதுகிறார்கள். சாரின் பட்டியலில் நாம் தேடித் தேடிப் பார்த்தது இதைத்தான். நீங்கள் எல்லோரும் அந்தக் கையேட்டை வைத்துத்தான் நண்டைப் பிரித்தறியக் கற்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரு பக்கம் எழுதலாம் என்று துறையில் யாருக்கும் தோன்றவில்லை.

அவருடைய எச்-இன்டெக்ஸைப் பார்த்தால் சாரைவிட மிகக் குறைவாக இருக்கும். அதற்குக் காரணம் அவர் துறை. உயிரினங்களை வகைப்படுத்துகிறவர்களின் உழைப்பு சைட்டேஷன் கணக்கில் விழுவதே இல்லை. மேடம் ஒரு புதிய நண்டு இனத்தை விவரித்து அதற்குப் பெயர் வைத்தால், அதற்குப் பின் அந்த இனத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் இனப்பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் ஆண்டையும் போடுவார்கள். ஆனால் அந்த மூலக் கட்டுரையைக் கடைசியில் உள்ள நூற்பட்டியலில் பலரும் சேர்ப்பதில்லை. ஸ்கோபஸ் எண்ணுவது அந்த நூற்பட்டியலை. கையேடுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பல ஸ்கோபஸுக்குள்ளேயே வராது. ஆயிரம் பேர் மேசையில் கிடக்கிற புத்தகம் தரவுத்தளத்தில் பூஜ்யமாக இருக்கலாம்.

அதனால் மேடத்துக்கு வேறு இடங்களில் தேட வேண்டும். கடல் உயிரினங்களின் உலகப் பதிவேட்டில் நண்டு இனங்களில் அவர் பெயர் ஆசிரியராக எத்தனை இடத்தில் இருக்கிறது? அவர் வைத்த பெயர்கள் இன்றும் செல்லுபடியாகின்றனவா, வேறு இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டனவா? வேறு யாராவது ஒரு புதிய இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்களா? அந்தத் துறையில் சக ஆய்வாளர் செய்யும் மரியாதை அது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வள அடையாள ஏடுகளிலும், 1916 முதல் இயங்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் வெளியீடுகளிலும் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்களா? கையேட்டுக்கு எந்த ஆய்விதழிலாவது மதிப்புரை வந்ததா? எந்தெந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது? பல நிறுவனங்களில் பாடநூலாக இருந்தால் உயர்கல்வித் தாக்கம் என்ற நான்காவது அளவுகோலும் திறக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961லிருந்து இருக்கிறது. அந்த நூலகத்தில் ஒரு நாள் உட்காருங்கள். பிச்சாவரம் பக்கம் அவர் வேலை செய்திருந்தால் புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு நிறுவன நூலகத்துக்கும் வாருங்கள். 1955ல் தொடங்கிய நிறுவனம் அது, சதுப்புநிலக் காடுகளைப் பற்றி அவர்களே ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே.

டோனா ஸ்டிரிக்லண்டின் கதையை இங்கே சொல்ல வேண்டும். லேசர் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறையை ஆய்வு மாணவியாக இருந்தபோது ஜெரார் மூருவோடு சேர்ந்து 1985ல் வெளியிட்டவர். அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவராக 2013ல் இருந்தவர். 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவு ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. ஆதாரங்கள் தகுதியைக் காட்டவில்லை என்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் அறிவித்தார்கள். அன்றுதான் அவருக்குப் பக்கம் வந்தது. மூருவுக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தது. வரைவைப் பார்த்தவரை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அத்தனை ஆண்டுகள் அவருக்கு ஒரு நல்ல வரைவு எழுத யாருக்குமே தோன்றாதது. அளவுகோல்படி நோபலுக்கு முன்பே அவர் தகுதி உள்ளவர். தகுதி இருந்தது, அதைக் காட்டும் வேலையை யாரும் சரியாகச் செய்யவில்லை. உங்கள் துறையில் மேடத்துக்கும் இதே நிலை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று மறுக்கப்பட்டது என்றைக்குமான மறுப்பு இல்லை என்பதற்கும் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. 117வது தனிமமான டென்னசின் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்ட பெர்க்கிலியத்தைத் தூய்மைப்படுத்திய குழுவில் இருந்த கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் பற்றிய பக்கம் 2019ல் நீக்கப்பட்டது. அவரைப் பற்றிப் புதிதாக எழுத்து வந்த பிறகு 2020ல் திரும்பியது. சாரின் பக்கத்துக்கும் இது பொருந்தும். அவசரப்பட்டு அதே வரைவை மறுபடி மறுபடி போடாமல் இருந்தால் கதவு திறந்தே இருக்கும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. நீங்கள் சாரின் மாணவர், மேடத்தின் துறைக்காரர். அதை உரையாடல் பக்கத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரடியாகப் பக்கம் தொடங்காமல் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்திலோ வரைவுப் பகுதியிலோ எழுதி, தொடர்பில்லாத பயனர்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். “தலைசிறந்த”, “உலகப் புகழ்பெற்ற”, “மாணவர்களின் உள்ளம் கவர்ந்த” எல்லாம் வேண்டாம். அந்தச் சொற்களைப் பார்த்தாலே மாணவர் எழுதியது என்று தெரிந்துவிடும். கல்லூரி இணையதளத்தில் உள்ள விவரக்குறிப்பை அப்படியே ஒட்டாதீர்கள், பதிப்புரிமைச் சிக்கல் வரும். எட்டு வரி போதும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்கள், தமிழில் போட்டால் நின்றுவிடுமா என்று சிலர் கேட்பார்கள். 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அதற்கென்று பயனர்கள், முடிவுகள் இருக்கின்றன. அங்கேயும் ஆதாரம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். தமிழில் படிக்கும் மாணவர்களுக்காக எழுதுங்கள், பின்வாசலாக நினைத்துப் போகாதீர்கள்.

சாரிடமும் ஒன்றை விளக்கிச் சொல்லுங்கள். விக்கிப்பீடியா பக்கம் பணிநிறைவு விழாவில் போர்த்துகிற சால்வை மாதிரி அவர் கையில் இருக்கும் பொருள் இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உயிரோடு இருப்பவர் பற்றி ஆதாரமில்லாத குற்றச்சாட்டு எழுதினால் உடனே நீக்கிவிடுவார்கள், அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நாளைக்கு ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, அது செய்தியிலும் வந்தால், அதுவும் பக்கத்தில் ஏறும். எடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டாலும் எடுக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பக்கமே வேண்டாம் என்று சொன்ன பேராசிரியர்களும் உண்டு, அதுவும் நியாயமான முடிவுதான்.

பக்கம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒரு பதிவு உருவாக்கலாம், அங்கே நுழைவுத் தகுதி தளர்வானது. சாருக்கு ஆர்சிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உள்ள தனி அடையாள எண்) இல்லையென்றால் எடுத்துக்கொடுத்து, ஒரே இனிஷியலில் உள்ள வேறு ஆட்களின் கட்டுரைகளோடு கலந்து கிடப்பதைப் பிரியுங்கள். நம் பெயர்முறைக்கு அது பெரிய தொல்லை. மேடம் விவரித்த நண்டு இனங்களுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதுங்கள். முறையாக வெளியிடப்பட்டு ஏற்கப்பட்ட உயிரினத்துக்குப் பக்கம் எழுத யாரும் தடை சொல்வதில்லை, ஒவ்வொன்றிலும் விவரித்தவர் பெயர் இயல்பாகவே வரும். அந்தப் பக்கங்களுக்கான ஆதாரங்களைத் தேடும்போதே மேடத்தின் பக்கத்துக்கான ஆதாரங்களும் கைக்கு வந்துவிடும்.

மேடத்திடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதி தேவையில்லை என்றாலும் அதுதான் முறை. கையேட்டின் பதிப்பு ஆண்டுகள், அவர் பெயரிட்ட இனங்கள், அவரிடம் மதிப்புரைப் பிரதி இருந்தால் அது, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பிறந்த தேதி, ஊர், குடும்பம் பற்றி ஏற்கெனவே அச்சில் வந்திருந்தால் மட்டும் சேருங்கள். பணிப்பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டாம். புகைப்படத்தை நீங்களே எடுத்து, உங்கள் பெயரில் பொது உரிமத்தில் ஏற்றுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு இணைப்பை அனுப்பினால் படித்துப் பார்த்து உரையாடல் பக்கத்திலேயே கருத்து எழுதுகிறேன்.